பெட்டிக்கு நீலம் அடித்தார்கள்

2004-ஆம் வருடம், ஏப்ரல் மாதம். பெங்களூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு தொம்மலூரில். அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கிக் கல்லூரிக்குள் நுழைந்தவள், போர்ட்டிகோவின் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மைதானத்தில் இருக்க வேண்டிய எங்கள் வெள்ளைப் பெட்டி அங்கே நின்றுகொண்டிருந்தது. வெள்ளையாகவும் இல்லை. கல்லூரிக் கொடியின் நீலத்தைப் பளபளவென்று அடித்து, ஓரத்தில் மஞ்சள் கோடு இழுத்து, கதவில் சாமந்தி மாலை வேறு தொங்கவிட்டிருந்தார்கள்.

அது என்ன பெட்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு கால் வைத்த மரப்பெட்டி. காற்றுப் புகுந்து போக நாலு பக்கமும் சாய்ந்த பலகைகள், உள்ளே வெப்பமானி. வெயிலும் படக் கூடாது, கட்டடத்துச் சூடும் தாக்கக் கூடாது, காற்றின் வெப்பத்தை மட்டும் அளக்க வேண்டும். அதற்காகத்தான் வெள்ளை நிறம். அதற்காகத்தான் புல்தரைக்கு நடுவே, எதற்கும் பக்கத்தில் இல்லாமல் வைத்திருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். இயற்பியல் ஆசிரியர் ஒருவர், தாவரவியல் ஆசிரியை ஒருவர், நான். பருவநிலை மாற்றத்தை ஒரு பாடமாக, எந்தப் பிரிவு மாணவரும் எடுக்கலாம் என்று ஆரம்பித்திருந்தோம். மூன்று பேரும் ஒரே வகுப்பில் ஒரே நேரத்தில் நிற்போம். பூமி ஏன் சூடாகிறது என்று அவர் சொல்வார். மரங்கள் பூக்கிற மாதம் எப்படி முன்னே பின்னே போகிறது என்று அந்த அம்மா சொல்வார். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் சூடு தாங்காமல் மயங்கி விழுகிற பெண்ணுக்கு அரை நாள் கூலி வெட்டுகிறார்களே, அது யார் டிபார்ட்மென்ட் என்று நான் இரண்டு பேரையும் வம்புக்கு இழுப்பேன். பிள்ளைகளின் முன்னாலேயே சண்டை நடக்கும். அதைப் பார்க்கவே மற்ற வகுப்புக்காரர்களும் வந்து உட்காருவார்கள். ஆபீசுக்குத்தான் எங்களைக் கண்டால் ஆகாது. ஒரு வகுப்புக்கு மூன்று வாத்தியாரா, அட்டெண்டன்ஸில் யார் கையெழுத்து என்று மாதம் தவறாமல் குடைவார்கள்.

அந்த வகுப்பில் ஹெப்பகோடியிலிருந்து ஒரு பி.காம். மாணவி இருந்தாள். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அப்பாவுக்கு ஹெப்பகோடியிலேயே ஒரு ஃபேக்டரியில் வேலை. பொழுது சாய்ந்த பிறகும் தெருவைவிடத் தன் வீடு ஏன் சூடாக இருக்கிறது என்று முதல் வாரமே கேட்டாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. அந்தக் கேள்வியையே அவளுடைய ஆய்வாக்கினோம். காலையும் மாலையும் எங்கள் பெட்டியைத் திறந்து அளவு எடுப்பாள். அதே நேரத்துக்கு வீட்டில் தொங்குகிற வெப்பமானியை அவள் அம்மா பார்த்து எழுதுவார். ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்து வந்தாள். லீவு நாளில் பொம்பளப் பிள்ளைக்குக் காலேஜில் என்ன வேலை என்று அப்பா வாராவாரம் ஒரு மூச்சு கத்துவாராம். மே மாதம் கல்லூரிகளுக்கிடையே ஒரு மாணவர் ஆய்வரங்கம். அதில் ஒரு முழுக் கோடையை விட்டுப்போகாமல் காட்ட வேண்டும் என்பதே அவள் குறிக்கோள். கொதிக்கிற நாட்கள் இனிமேல்தான் வரவிருந்தன. அந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். கல்லூரிக்குத் தரம் கொடுக்கிற குழு வருகிறது, பெரிய மனிதர்களை இந்த வெயிலில் மைதானம் வரை நடக்க வைப்பதா என்று என்னையே கேட்டார். குழு இருக்கும்போது கரண்ட் போய்விடக் கூடாது என்று போர்ட்டிகோ ஓரத்து ஜெனரேட்டரைக் காலையிலிருந்தே ஓட்டப் போகிறார்கள், அதன் சூடு முழுக்கப் பெட்டியின் முதுகில் அடிக்கும் என்று சொன்னேன். வீட்டுச் சுவரில் கோடு போட்டுக் குழந்தையின் உயரத்தைக் குறித்து வருகிறோம், ஒரு நாள் மட்டும் ஸ்டூல் மேல் ஏற்றி அளந்தால் பிள்ளை வளர்ந்ததாகிவிடுமா என்றும் கேட்டேன். அவர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. அந்த ரெண்டு மூணு நாள் ரீடிங்க நியூஸ் பேப்பர்ல பாத்துப் போட்டுக்குங்க."

குழு பாராட்டினால்தான் அடுத்த வருடம் உங்கள் பாடமே இருக்கும் என்பதையும் சொல்லி வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பெண் நீலப் பெட்டியின் முன்னால் நின்றிருந்தாள். அழவில்லை. இன்று அளவு எடுப்பதா வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"எங்கம்மா வீட்ல எடுத்திருப்பாங்களே மிஸ்," என்றாள்.

குழு வந்தது. அவளுக்குப் பட்டுப்புடவை கட்டி, பெட்டியின் பக்கத்தில் நிறுத்தினார்கள். குழுவின் தலைவர் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார். இந்த நேரத்துக்கே பெங்களூரில் இவ்வளவு சூடா, பாருங்கள், இதுதான் பருவநிலை மாற்றம் என்று கூட வந்தவர்களுக்கு விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரின்சிபால் முகத்தில் அவ்வளவு பூரிப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திறந்துவிட்டாள். இங்கிலீஷில் ஆரம்பித்துத் தடுமாறி, கன்னடத்தில் சொல்லி முடித்தாள். இது ஜெனரேட்டர் சூடு சார், பெட்டியை இங்கே மாற்றியதிலிருந்து நாங்கள் அளவே எடுக்கவில்லை என்றாள்.

இனி என்ன ஆகுமோ என்று பிரின்சிபாலைப் பார்த்தேன். ஒன்றுமே ஆகவில்லை. பெரியவர் சிரித்தார், வெரி ஸ்மார்ட் கேர்ள் என்றார், கதவைச் சாத்திவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டார். பின்னால் ஜெனரேட்டர் காதைப் பிளந்துகொண்டிருந்தது. ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

எங்கள் பெட்டி கல்லூரி முகப்பில் எடுப்பாக இருக்கிறது என்று போகும்போது பாராட்டிவிட்டும் போனார்கள். போதாதா? பாராட்டு வாங்கிய இடத்திலிருந்து அது இனி நகரக் கூடாது என்று பிரின்சிபால் உத்தரவு போட்டார். விருந்தாளியை அவமதித்ததற்கு அந்தப் பெண் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும் என்றும் சொன்னார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அவ எழுத மாட்டா சார். உண்மையச் சொன்னதுக்கு மன்னிப்பு கேக்க நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல," என்றேன். குரல் வராண்டா வரைக்கும் கேட்டதாம். மறுநாளே எனக்கு மெமோ வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்களே பெட்டியைத் தூக்கினோம். எதற்கும் பயப்படுகிற இயற்பியல்காரர், தானே கடையில் வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்திருந்தார். மகள் ஞாயிற்றுக்கிழமையில் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க அவள் அப்பாவும் வந்திருந்தார். வந்ததும் பெட்டியின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினார். நீலத்தைச் சுரண்டி எடுப்பதற்குள் எங்கள் கை எரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்த வருடத்தின் மோசமான வெயில் நாட்கள் கைநழுவிப் போயிருந்தன.

ஆய்வரங்கத்தில் அவள் தன் சார்ட்டை மாட்டினாள். அவள் வீட்டுக் கோடு முழுசாக ஓடியது, கல்லூரிக் கோடு நடுவில் அறுந்து கிடந்தது. பெட்டி இடம் மாறியதால் அளவு இல்லை என்று கீழே எழுதியிருந்தாள். முன்னும் பின்னும் பார்த்து ஒரு கணக்காக நிரப்பியிருக்கலாமே என்று நடுவர் கேட்டார். அளக்காததை எப்படி சார் போடுறது என்றாள். பரிசு வேறு யாருக்கோ போனது. எங்கள் பாடமும் எந்த டிபார்ட்மென்ட் கணக்கிலும் வரவில்லை என்ற காரணத்தால் அடுத்த வருடம் போயே போய்விட்டது.

சில வருடங்கள் கழித்து, நான் வேறு கல்லூரிக்கு மாறிய பிறகு, பழைய கல்லூரியின் ஆபீசிலிருந்து போன் வந்தது. பருவநிலை மாற்றம் பற்றிப் பெரிய கண்காட்சி வைக்கிறார்களாம். லேபில் அவளுடைய சார்ட் கிடைத்திருக்கிறதாம்.

"நடுவுல கொஞ்ச நாள் காலியா இருக்கு மேடம். நீங்களே அந்தாஜா, ஒரு உத்தேசமா ஃபில் பண்ணிக் குடுத்தீங்கன்னா பாக்க நல்லா இருக்கும்."

"அந்தக் காலி எடம் மட்டும்தாம்பா உங்க காலேஜ் செஞ்ச வேல. அத அப்படியே மாட்டுங்க," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மாட்டினார்களா என்று தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் இன்றைக்கும் ஊர் சூடாகிவிட்டது என்று யாராவது மேடையேறி உருகினால், அவர் முதுகுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.