பூட்டுக்காரியும் செப்புக்கம்பிச் சுருள்களும்

மோட்டார் கம்பெனியில் அவளைப் பூட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கடனுக்கு ஈடாக, செப்புக்கம்பிக் கிடங்கை வங்கி பூட்டி வைத்திருந்தது. சாவி அவள் இடுப்பில். முதலாளி பணம் கட்டக் கட்ட, அந்த அளவுக்குக் கம்பி எடை போட்டு வெளியே வரும். பதினொரு வருடத்தில் ஒரு கிராம் பிசகியதில்லை.

கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவதாகப் பேச்சு முடிந்தது. மறுநாள் சரக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு சுருள் குறைந்தாலும் பேரம் முறியும். நூற்று நாற்பது பேர் தெருவில் நிற்பார்கள், அவளும் சேர்த்து.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பி வியாபாரி கடப்பாரையும் இரண்டு ஆட்களுமாக வந்தான். கம்பெனி அவனுக்கு எட்டு மாதப் பாக்கி.

"நகரு. என் சரக்கை நான் எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு வர்றவன் என்னை யாருன்னு கேப்பான்."

"பேங்க் பூட்டுண்ணே. தொடாதீங்க."

"ஏண்டி, உங்கப்பன் வீட்டுப் பூட்டா?"

"எங்கப்பன் வீட்டுல பூட்டுற மாதிரி எதுவும் இல்லண்ணே. அதான் இதைப் பாத்துக்கறேன்."

ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கைக்கு எட்டிய ஐந்து கிலோ எடைக்கல்லை அவன் முழங்காலில் இறக்கினாள். எலும்பு நொறுங்குவது காதில் கேட்டது. இன்னொருவன் சாவிக்காக அவள் இடக்கையை முறுக்கினான். இரண்டு விரல்கள் முறிந்தன. அவன் மணிக்கட்டைக் கவ்வினாள். சதை வாயோடு வந்தது. வியாபாரி கடப்பாரையை ஓங்கியபோது, எடைக்கல் அவன் நெற்றியைப் பிளந்தது.

லேத் பட்டறை ஆட்கள் ஓடிவருவதற்குள் மூவரும் நொண்டியும் தவழ்ந்தும் தப்பிவிட்டார்கள். பூட்டில் ஒரு கீறல் இல்லை. போலீஸ் வந்தால் பேரம் கெடும் என்று முதலாளி எல்லோர் வாயையும் அடைத்தார்.

கையெழுத்து ஆனது. அடுத்த வாரமே வங்கி மேனேஜர் வந்து தன் கையாலேயே பூட்டைக் கழற்றினார்.

"இனிமே ஈடு வேணாம்மா. வெளிநாட்டுக் கம்பெனி ஜாமீன் போட்டிருக்கு. எவ்வளவு கேட்டாலும் குடுப்போம்."

"அதே கம்பிதானே சார்? அதே மிஷின்தானே?"

"முதலாளி வேறம்மா."

அன்று மாலையே வியாபாரியின் லாரி வந்து நின்றது. நெற்றியில் எட்டுத் தையல், முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க இறக்கட்டும், தங்கச்சி? பணத்துக்கு அவசரமில்ல. மூணு மாசம் கழிச்சு வாங்கிக்கறேன்."

அவள் நிதானமாகப் பக்கத்தில் போனாள். நல்ல கையால் ஓங்கி ஓர் அறை. தையல் விட்டு ரத்தம் கசிந்தது.

"இது ஒரு விரலுக்கு."

அவன் கன்னத்தைப் பொத்துவதற்குள் இன்னொன்று.

"இது அடுத்ததுக்கு. இப்ப சரக்கைத் தராசுல ஏத்துங்கண்ணே."