செம்பனை முனையில் ஏழு நிமிடம்

நான் கோபக்காரி. பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்கு அது ஆகாத குணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மலேசியாவில் புலாவ் செபாங் என்ற ஊரைச் சுற்றியுள்ள, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களிலிருந்து பதினோரு பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்குவது என் வேலை. காலையில் வண்டியை எடுத்த நிமிடத்திலிருந்து கைபேசி அலறும். "அக்கா, எங்க இருக்கீங்க?" "வந்துகிட்டே இருக்கேன் லா" என்பேன். சில நாள் அப்போதுதான் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டிருப்பேன்.

போன வருடம் எங்கள் பக்கம் புதிதாக ஒருவர் வேன் விட்டார். அவர் வண்டி எங்கே வருகிறது என்று பெற்றோர் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்று வீட்டுப் பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் அவரிடம் போய்விட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. டுரியான் துங்காலில் படிக்கும் என் மகள்தான் அதே மாதிரி ஒரு செயலியை எனக்கும் போட்டுக்கொடுத்தாள். "இப்பல்லாம் வண்டி ஓட்டத் தெரிஞ்சா மட்டும் பத்தாதும்மா, ஓட்டுறதைக் காட்டவும் தெரியணும்" என்றாள். பெரிய முதலாளி மாதிரி பேசாதே என்று திட்டினேன். ஆனால் அவள் சொன்னதுதான் நடந்தது. கைபேசி வாயை மூடியது. பிள்ளைகள் மழையில் நின்று காத்திருப்பது நின்றது. போன வீடுகளில் ஒன்று திரும்பி வந்தது. நான் தலைகால் தெரியாமல் ஆடினேன்.

இரண்டாவது வாரம் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் ஒரு தாய் கேட்டார்: "அக்கா, செம்பனை முனையில டெய்லி ஏழு நிமிஷம் நிக்கிறீங்களே, ஏன்?" அதற்குக் கீழே வரிசையாக ஆறு கட்டைவிரல்கள்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அந்த முனையில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏறுவாள். அவளுடைய தாய்க்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, கணவன் கிடையாது. தொழிற்சாலை பஸ் வந்து தாய் இறங்கினால்தான், நான்கு வயதுத் தம்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் வேனில் ஏற முடியும். "ராத்திரி பிள்ளைங்க தனியா இருக்குறதை யார்ட்டயும் சொல்லிடாதீங்கக்கா. மாமியார் காதுக்குப் போனா பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். இப்போது அவர் பகல் வேலைக்கு மாறிவிட்டதால் எழுதுகிறேன். அப்போது மற்றவர்களிடம் நான் சொல்லிவந்தது ஒரே பதில்தான்: "ஜேம் லா." தோட்டத்துச் சாலையில் என்ன போக்குவரத்து நெரிசல் என்று இரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் செயலியும் அந்த நிறுத்தத்தைச் சிவப்பில் காட்டி, எடுத்துவிடலாம் என்று புத்தி சொன்னது. அவளைக் கடைசியில் ஏற்றலாம் என்று வழியை மாற்றிப் பார்த்தேன். அப்படியென்றால் மூன்று பிள்ளைகள் கால் மணி நேரம் முன்னால் எழ வேண்டும். அந்த வீடுகளில் ஒத்துக்கொள்ளவில்லை. புதிய வேன்காரர் யாருக்காகவும் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லையாம். எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்தத் தாயை அழைத்து, "நாளையிலருந்து பொண்ணு ஆறு நாப்பதுக்கு வந்து நின்னா ஏத்திக்குவேன், இல்லன்னா போயிடுவேன்" என்றேன். "சரிக்கா" என்றார். அழுதிருந்தால் நான் மசிந்திருப்பேன்.

மறுநாள் காலை அந்தப் பெண் சீருடையோடு, முனையை ஒட்டிய தன் வீட்டு வாசலில் நின்றாள். இரண்டு முறை ஹாரன் அடித்தேன். வீட்டுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு, போங்கள் என்று கையசைத்தாள். போனேன்.

பெரிய சாலையைத் தொடும்போது கைபேசியில் தாயின் செய்தி: "அக்கா, வண்டி நகருதே. பொண்ணு ஏறிட்டாளா? அப்ப சின்னவன் தனியாவா இருக்கான்?"

வண்டியை ஓரம் கட்டினேன். அவரும் அந்தச் செயலியைப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்கள் நான் நிற்கும் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவர், வேலை முடிந்த களைப்போடு பஸ்ஸில் உட்கார்ந்து, நான் இன்னும் நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏறல, வீட்லதான் இருக்கா. நான் திரும்பி வரேன்" என்று அனுப்பிவிட்டு வண்டியைத் திருப்பினேன். "ஆன்ட்டி, ஸ்கூல் அந்தப் பக்கம்!" என்று பத்துப் பிள்ளைகளும் கத்தினார்கள். அமைதியாக இருந்த கைபேசி மறுபடி அலற ஆரம்பித்தது. நான் எடுக்கவில்லை.

நான் முனைக்குத் திரும்பியபோது தொழிற்சாலை பஸ்ஸும் அப்போதுதான் வந்து நின்றது. தாய் இறங்கி ஓடினார். அந்தப் பெண் அதற்குள் காலில் போட்டிருந்த பள்ளிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டிருந்தாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள். தாய் என்னைத் திட்டவில்லை. "நீங்க திரும்புனதையும் பாத்தேன்க்கா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டுக் குழுவில் எழுதினேன்: "செம்பனை முனையில் தினமும் நிற்பேன். ஜேம் என்று சொன்னது பொய், மன்னிக்கவும். காரணம் சொல்ல மாட்டேன். வேறு வேன் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்." இரண்டு வீடுகள் போயின. குழுவில் ஏழு நிமிடக் கேள்வியைக் கேட்ட தாயும் அதில் ஒருவர். கோபக்காரிக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. தன் பிள்ளை இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று நினைப்பதும் தாய் மனசுதானே.

மறுநாள் ஆறு நாற்பதுக்கு அந்த முனையில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு வருடமும் இஞ்சினை ஓடவிட்டே காத்திருந்தவள், அன்றுதான் சாவியைத் திருப்பி அணைத்தேன்.