விசாலாட்சி அக்கா உரக்கச் சொன்னது

திங்கட்கிழமை காலை கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது முதலாளி மாதப்பா அண்ணாவின் போன் அடித்தது. நஞ்சன்கூட்டிலிருந்து விசாலாட்சி அக்காவின் மகன் பேசினார். ஷட்டரைப் பிடித்த கையை எடுக்காமலே அண்ணா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "நம்ம விசாலா இல்லம்மா. தூக்கத்துலயே ஹார்ட்டாம்" என்றார். அக்கா தினமும் வரும் ரயில் மைசூருக்கு வந்துசேரும் நேரம் அது.

தேவராஜ மொஹல்லாவில் எங்கள் கடைக்குப் பழைய ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் கொண்டுவரும் உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். என்னைத் தெரிந்திருக்காது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு வந்தவள் நான். ஆள் வந்தால் பின்பக்கம் போய்விடுவேன். அக்கா அங்கேயும் விடமாட்டார். "ஏன் அம்மிணி, உன் தொண்டைக்குள்ள இருக்கற கண்டென்சரு காஞ்சு போச்சாட்ட இருக்குது. மாத்திப் போட்டுறட்டுமா?" என்பார். கொள்ளேகால் பக்கத்துப் பேச்சு அவருடையது. அவரைப் பற்றி இரங்கல் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேசச் சொன்னார்கள். என்னால் முடியாது, எழுதுகிறேன்.

கண்டென்சர் என்று நாங்கள் சொல்லும் கெப்பாசிட்டர்தான் எங்கள் கடையின் பாதி வேலை. மின்சாரத்தைத் தேக்கிவைத்துச் சீராக விடும் சிறு குப்பி அது. வருடங்கள் போகப் போக உள்ளேயிருக்கும் ஈரம் காய்ந்துவிடும். பிறகு எந்தப் பாட்டைப் போட்டாலும் அடியில் ஓர் இரைச்சல் ஓடும். காய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். போடும்போது பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஹெப்பாளில் தொழிற்சாலை வேலை பார்த்த காலத்திலிருந்தே அக்காவுக்கு இது கைப்பழக்கம்.

இரண்டு மாதம் முன்பு ரங்கநாதன் சார் தன் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். ரயில்வேயில் இருந்தவர். "முப்பது வருஷம் இன்ஜின் சத்தம் கேட்ட காதும்மா. இடது போயாச்சு. வலதும் போயிண்டே இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். அது இருக்கும்போதே இதை ஒரு தடவை ஒழுங்காக் கேட்டுடணும்" என்றார். அக்கா கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு, "சாயங்காலம் வாங்க, கேட்டுட்டே எடுத்துட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அவசரம்தான் வினையானது. ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்தில் புதியதைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். அன்று அக்கா எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிவிட்டார். பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் தகரச் சட்டத்தோடு சேர்வது மைனஸ். மிகப் பழைய சிலவற்றில் மட்டும் பிளஸ். ரங்கநாதன் சாருடையது அந்த வகை. அக்காவின் கை பழகிய பக்கமே போனது. சுவிட்சைப் போட்டதும் பட்டாசு போல வெடித்து, மீன் நாற்றம் வந்தது. போனது கண்டென்சர் மட்டுமல்ல, இப்போது எங்கும் தயாராகாத ஒரு பழைய டிரான்சிஸ்டர் பாகமும்தான்.

மாதப்பா அண்ணா புகையை விசிறிக்கொண்டே, "பிடு விசாலா, விட்டுத்தள்ளு. அவருக்கு என்ன கொத்தாகப் போகுது, என்ன தெரியப் போகுது? பழைய ஐட்டம், தானா போச்சுன்னு சொல்லிடலாம்" என்றார்.

"பழசு மேல பழி போடறது சுலபமுங்ணா. அது வாயத் தொறந்து இல்லீன்னு சொல்லாது" என்றார் அக்கா.

சார் வந்தார். அக்கா எழுந்து நின்று சொன்னார். அவருக்குக் கேட்கவில்லை. "என்ன, ரெடியா?" என்று சிரித்தார். அக்கா மறுபடி சொன்னார். சார் வலது காதைத் திருப்பிக் காட்டினார். அக்கா வாசல்வரை வந்து, முழுத் தொண்டையில், "நாந்தானுங்க மாத்திப் போட்டுக் கெடுத்துட்டேன்!" என்று கத்தினார். எதிரே பூக்கட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். அக்காவின் முகம் சிவந்திருந்தது, ஆனால் தலையைக் குனியவில்லை.

சார் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "இவ்வளவு சத்தமா யாரும் தப்பை ஒத்துண்டு நான் கேட்டதில்லைம்மா" என்றார். பிறகு, "போன பார்ட் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"தேடறனுங்க."

தேடினார். ரயிலை விட்டு இறங்கியதும் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். ஒருநாள் உடைந்த ரேடியோ ஒன்றைக் கட்டியணைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் அதே டிரான்சிஸ்டர் உயிரோடு இருந்தது. இந்த முறை ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டார். சனிக்கிழமை அவர் கடைசியாகக் கிளம்பியபோது மூன்றே கண்டென்சர்கள் மீதம்.

அந்த மூன்றையும் நான் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பிளஸ்ஸை மீட்டரில் பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். புதன்கிழமை சார் வந்து, "விசாலாட்சி எங்கே?" என்று கேட்டார். மாதப்பா அண்ணா கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் மெதுவாகச் சொன்னேன். சார் காதைத் திருப்பினார். மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. அந்தச் செய்தியைப் போய் எப்படிக் கத்திச் சொல்வது? ஆனாலும் கத்தினேன். "அக்கா இறந்துட்டாங்க சார்! கடைசி மூணும் நான் போட்டது! தப்பு இருந்தா அது என்னோடது!"

தெரு மறுபடியும் திரும்பிப் பார்த்தது. சார் என் தலைமேல் கை வைத்தார். சுவிட்சைப் போட்டேன். இரைச்சல் இல்லை. சார் கொண்டுவந்த இசைத்தட்டு சுழன்றது. அவர் ஸ்பீக்கரின் துணியில் வலது காதை ஒட்டவைத்துக்கொண்டு, தட்டு முடியும்வரை அசையவில்லை. "கேட்கறது" என்று மட்டும் சொன்னார்.

தப்பை ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு, வாய்க்குள் முணுமுணுத்து. எதிரில் நிற்பவருக்குக் கேட்கும்வரை சொன்னவர் விசாலாட்சி அக்கா. அவரிடமிருந்து அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.