மூக்கில் ஒரு சொட்டு

அத்தை பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் கோழிக்குஞ்சுகளுக்காக.

எரியோட்டில் எங்கள் வீட்டில் அம்மாவும், அப்பாவின் அக்காவான அத்தையும் தனித்தனியே கோழி வளர்த்தார்கள். கோடை பிறந்தால் வெள்ளைக்கழிச்சல் வந்து இரண்டு பேர் கூடையையும் காலி செய்துவிடும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், வேடசந்தூரிலிருந்து மாட்டு டாக்டர் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு சைக்கிளில் வந்தார். பெரிய கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டார். அம்மாவின் குஞ்சுகளுக்கோ மூக்கில் ஒரு சொட்டு மருந்து. குஞ்சு தும்மியது, அவ்வளவுதான் வைத்தியம்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. “பெருசுக்கு ஊசி, பிஞ்சுக்கு மூக்குல தண்ணியா?”

“சீக்கு மூக்கு வழியாத்தாம்மா உள்ள போகுது. அங்கனயே மறிக்கத்தான் இந்தச் சொட்டு. ஊசி மருந்து வீரியமானது, ரெண்டு மாசம் ஆகாத குஞ்சு தாங்காது. வளந்தப்புறம் போடுவோம்” என்றார் டாக்டர்.

அத்தையின் குஞ்சுகள் கம்பும் கரையானும் தின்று வயதுக்கு மீறிக் கொழுத்தவை. “என்னுதுக்கு ரெண்டு மாசம் தாண்டிருச்சு” என்றாள்.

“மதினி” என்று ஆரம்பித்த அம்மா, அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். டாக்டர் ஒரு குஞ்சைக் கையில் தூக்கிப் பார்த்தார். யோசித்தார். பிறகு ஊசியை எடுத்தார்.

சில நாட்கள் அத்தை அம்மாவின் குஞ்சுகளை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் நான் அத்தையின் கூடையைத் திறந்தேன். ஒரு குஞ்சு கழுத்தை முறுக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தது. இன்னொன்று காலை இழுத்து இழுத்து வட்டமடித்தது. மற்றவை மல்லாந்து உதறிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே அம்மாவின் குஞ்சுகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் அத்தையின் கூடையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அத்தை அழவில்லை. செத்த குஞ்சுகளை முந்தானையில் ஏந்தியபடி கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அன்னைக்குக் குத்த வந்தப்ப ஒளிச்சு வச்சேன். இன்னைக்கு நானே குத்தச் சொல்லி நீட்டுனேன்” என்றாள் அத்தை.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தைக்கு ஒரு மகன் இருந்ததும், அம்மை குத்த வந்தவர்களுக்குப் பயந்து அவனைத் தானியக் குலுக்கைக்குள் இறக்கி மறைத்ததும், அந்தக் கோடையிலேயே பெரியம்மையில் அவன் போய்ச் சேர்ந்ததும் எனக்கு அப்போது தெரியாது.

நான் அத்தையின் தோளைத் தொட்டுக் கேட்டேன்: “எந்தக் கோழிய அத்தை ஒளிச்சு வச்சீங்க?”