குப்பை இல்லாத வளைகாப்பு

வளைகாப்புப் பேச அழைத்த வீட்டில் புஷ்பவல்லி முன்கூடத்தில் உட்கார மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பின்பக்கம் போவார். குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு சாக்கடையை எட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரம்மா காப்பியோடு பின்னாலேயே போய் நிற்க வேண்டியதுதான். "தண்ணி ஓடுது. அடைப்பு இல்ல. சரி, உக்காந்து பேசுவோம்" என்று அவர் சொன்ன பிறகுதான் நாள், நேரம், ஆள் கணக்கு எல்லாம்.

மலேசியாவின் கிள்ளான் நகரில், கடைவரிசை நடைபாதை ஒன்றில் அவருக்கு வளையல் கடை. கடை என்றால் ஒரு மேசை, வளையல் கோத்த நாலைந்து மரக்கம்புகள், ஒரு ஸ்டூல். வயது ஐம்பத்தாறு. உருவம் சின்னது; குரல் மட்டும் எதிர்ச்சாரிக் கடைவரைக்கும் கேட்கும். வளையல் விற்கும் அவர் கையில் ஒரு வளையல் கிடையாது. கேட்டால், "சோறு வடிக்கற கைக்கு என்னாத்துக்கு?" என்பார். கை நிறையப் போட்டுக்கொள்ள வந்தவர்கள் அந்தப் பதிலில் கொஞ்சம் சங்கடப்படுவார்கள். அவர் படமாட்டார்.

வளையல் கொடுக்கப் போன வீடுகளில் பந்தி தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் வளைகாப்பு முழுவதையும் தானே எடுத்து நடத்த ஆரம்பித்தார். அப்போதே ஒரு சட்டமும் போட்டுவிட்டார். போலிஸ்டிரின் என்கிற வெள்ளை நுரைப்பெட்டி கூடாது, பிளாஸ்டிக் தட்டு கூடாது, இறைச்சி கூடாது. இயற்கையைக் காப்பது பற்றியெல்லாம் அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எண்பத்தெட்டில் பக்கத்துத் தெருக் கல்யாணத்தின் சாப்பாட்டுப் பெட்டிகள் மொத்தமும் சாக்கடையில் போய் அடைத்துக்கொண்டன. அன்றைய மழையில் அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மெத்தையோடு மிதந்த பெட்டிகளைப் பொறுக்கிக் கட்டியவருக்குப் பாடம் தனியாக வேண்டியதில்லை.

இறைச்சி விஷயத்தில்தான் ஆண்கள் மல்லுக்கு நிற்பார்கள். தொண்ணூற்று நான்கில், தாமான் செந்தோசா குடியிருப்பில், இராஜம்மாவின் மருமகள் சந்திரகலாவுக்கு வளைகாப்புப் பேசியபோது, இராஜம்மாவின் கொழுந்தன் பக்கிரிசாமி வாதத்துக்கு வந்தார். அவர் லோரி ஓட்டுகிறவர், குரலும் லோரிதான்.

"என்னா அக்கா, ஒரு ஆடு வெட்டுனா கொறஞ்சா போவும்? நூத்தி இருவது பேரு வராங்க. எல்லாரும் தயிர்சோத்த தின்னுட்டு போவணுமா?"

"சாப்பிட்ட எல எல்லாம் காப்பார் ரோட்டு மாட்டுக்குப் போவுது தம்பி. மாடு எலும்பு கடிக்குமா?"

"மாட்டுக்காகவா நாங்க வளைகாப்பு வைக்கிறோம்?"

"அப்ப எலும்ப நீங்களே எல எலயா உக்காந்து பொறுக்குங்க. நான் ஆடு வாங்கித் தரேன்."

பக்கிரிசாமி சிரித்துவிட்டார். அதோடு ஆடு பிழைத்தது.

இராஜம்மா அவ்வளவு சுலபமாக விடவில்லை. மேடைக்குப் பின்னால் போலிஸ்டிரினில் வெட்டி ஜிகினா தூவிய எழுத்தில் மருமகள் பெயரை ஒட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. சுபாங் ஜெயாவில் ஒரு வீட்டில் அப்படிப் பார்த்திருந்தார். ஆறு வருடம் கோயில் கோயிலாக நடந்து கிடைத்த பிள்ளை. ஊரே பார்க்கட்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. புஷ்பவல்லியும் தப்பு என்று சொல்லவில்லை. தென்னங்குருத்தைக் கிழித்து, முடைந்து, அதிலேயே பெயரை எழுதிக் காட்டினார். கைக்கத்தியால் 'ச'வை வளைத்த லாகவத்தைப் பார்த்த இராஜம்மா, "சரி, இதே இருக்கட்டும்" என்றார்.

பிறகு புஷ்பவல்லி சந்திரகலாவைக் கூப்பிட்டு வளையல் அளவு பார்த்தார். 'ரெண்டு ஆறு' வளையல் தடையில்லாமல் ஏறியது. பெண்ணின் கையை அவர் கொஞ்ச நேரம் பிடித்தபடியே பேசுவது வழக்கம். விரல் மூட்டு, மணிக்கட்டு எல்லாம் அந்தப் பேச்சுக்குள் தடவிப் பார்த்தாகிவிடும்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலிலிருந்து எவர்சில்வர் தம்ளர்கள் வந்தன. ஐந்து வகைச் சோறும் மூங்கில் கூடைகளில் இலை விரித்து ஆறிக்கொண்டிருந்தன. வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பால் டின்களில் கறிவேப்பிலைக் கன்றுகள். ஒவ்வொரு டின்னையும் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். "தண்ணி தேங்குனா கொசு. கொசு வந்தா டிங்கி. கன்னு குடுக்கப் போயி காய்ச்சல் குடுக்கக் கூடாது லா."

பத்தரைக்குள் முதல் வளையல் ஏற வேண்டும். சந்திரகலா மணையில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவை, நிறைய மல்லிகை, முகத்தில் ஒரு பளபளப்பு. "பூரிச்சுப் போயிருக்கா பாரு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மாதம் ஏறினால் கை கொஞ்சம் ஊதும். அது தெரிந்து ஒரு சுற்றுப் பெரிய 'ரெண்டு எட்டு' கொண்டுவந்திருந்தார் புஷ்பவல்லி. அது கட்டைவிரல் மேட்டிலேயே நின்றுவிட்டது. அதைவிடப் பெரியதை எடுத்தார். அதுவும் நின்றது.

"சோப்பு போடுங்க அக்கா" என்றது ஒரு குரல்.

"நல்லெண்ணெ தடவுனா வழுக்கும்" என்றது இன்னொன்று.

இராஜம்மா உள்ளே ஓடி, அலமாரியில் ஒளித்து வைத்திருந்த பிளாஸ்டிக் வளையல் பொட்டலத்தோடு வந்தார். "இது நல்லா விரியும். நல்ல நேரம் போயிரும், போட்டு வுடுங்க."

புஷ்பவல்லி கண்ணாடி வளையலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விரல்களையே பார்த்தார். டெங்கில் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பல வருடங்களுக்கு முன்னால், மாரியாயி என்ற பெண்ணுக்கு இதேபோல ஊதின கை. சோப்பு போட்டு இருபத்தொரு வளையலையும் ஏற்றிவிட்டு வந்தவர் அவர்தான். அன்றைக்கே அவளுக்கு வலிப்பு வந்தது. தாயும் போனாள், பிள்ளையும் போனது. அதன் பிறகு அவர் வளையல் பெட்டியில் சோப்பு இருந்ததில்லை.

"கலா, என்னயப் பாரு. தல வலிக்குதா?"

"மூணு நாளா ஆன்டி. பானடோல் மாத்திரை போட்டேன்."

"கண்ணு?"

"காலையிலேருந்து பூச்சி பறக்கற மாதிரி இருக்கு. மேல்வயிறு வேற வலிக்குது. பசின்னு நெனச்சேன்."

"போன வாரம் கிளினிக் போனியா?"

சந்திரகலா மாமியாரைப் பார்த்தாள். புடவை எடுக்கப் போனதில் கிளினிக் தவறியிருந்தது.

புஷ்பவல்லி வளையலைப் பெட்டியில் வைத்து மூடினார். "இன்னிக்கி வளையல் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

இராஜம்மா குறுக்கே வந்து நின்றார். "ஆறு வருஷம் காத்திருந்தேன். அபசகுனமா பேசாதீங்க. ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுப் போகட்டும்."

"ராஜம்மா, எனக்கு நேரம் வேணாம். கார் சாவி வேணும்."

சாவியைக் கொண்டுவந்தவர் பக்கிரிசாமி. கிளம்பும்போது வாசலில் நின்று புஷ்பவல்லி எழுப்பிய குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டது. "வந்த சனம் பட்டினியா போனா அந்தப் புள்ளைக்கு ஆகாது! எல்லாரும் உக்காருங்க. எல போடுங்க!" நூற்றிருபது பேரும் உட்கார்ந்தார்கள். அவர் செருப்பில்லாமல் காரில் ஏறி, சந்திரகலாவை இடப்பக்கமாகச் சாய்த்து மடியில் தாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்கு மேல் இருந்தது. அன்று மாலைக்குள் அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஆயிரத்தெண்ணூறு கிராம். இன்னும் ஓர் இரவு வீட்டில் வைத்திருந்தால் இரண்டையும் இழந்திருப்போம் என்று டாக்டர் இராஜம்மாவிடம் நேராகவே சொன்னார்.

பிள்ளைப்பேறு பார்க்க நர்சுகள் வருடக்கணக்கில் படிக்கிறார்கள். கையில் கட்டும் பட்டை, காதில் மாட்டும் குழாய், சிறுநீர் பார்க்கும் தாள் என்று அவர்களுக்கு ஆயிரம் கருவி. அத்தனையும் இருந்தும் கவனம் தவறிய நாட்கள் அந்தத் தொழிலில் உண்டு. ஆறாம் வகுப்போடு நின்ற ஒரு வியாபாரி, ஒரு நூலளவு வித்தியாசம் சொல்லும் கண்ணாடி வட்டத்தை வைத்துக்கொண்டு, பூரிப்பு என்று ஊர் சொன்னதை நோய் என்று படித்தார். நூற்றிருபது பேர் முன்னால், நல்ல நேரத்துக்குள், ஏறாத வளையலை ஏறாது என்று சொல்ல எவ்வளவு நெஞ்சு வேண்டும்!

மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் புஷ்பவல்லி வார்டுக்குப் போனார். இராஜம்மா வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க அக்கா, முதல்ல பேத்தியப் பாருங்க. கண்ணாடி வழியா காட்டுவாங்க. மூக்கு அப்படியே என் மவன்தான்."

"பாப்பாவ நர்சு மிஸ்ஸிங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் நேரே கட்டிலுக்கு நடந்தார். சந்திரகலா அரைத்தூக்கத்தில் இருந்தாள். புஷ்பவல்லி போர்வையின் நுனியை விலக்கி, அவள் வீங்கிய கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, எடுத்தார். பிறகு குனிந்து, அந்தக் குழி எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.