சுரங்கப்பாதையில் நின்றுபோன கார்

கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து, உடன் வேலை பார்க்கும் செல்வியையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. கவரைப்பேட்டை அருகே ரயில்வே சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. முன்னால் போன வேன் கடந்துவிட்டதே என்று நானும் காரைத் தண்ணீரில் இறக்கினேன். பாதியில் இன்ஜின் நின்றுவிட்டது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

"அக்கா, இன்னொரு தபா ஸ்டார்ட் பண்ணுக்கா. தண்ணி ஏறிக்கினே கீது," என்றாள் செல்வி.

சாவியைத் திருப்பப் போனேன். அதற்குள் தண்ணீர் சீட்டைத் தொட்டுவிட்டது. பயத்தில் சாவியை விட்டுவிட்டுக் கதவைத் தள்ளினேன். அது அசையவில்லை. தோளால் பலமுறை இடித்தபிறகுதான் திறந்தது. இடுப்பளவு தண்ணீரில் செல்வியை அணைத்துப் பிடித்தபடி மேடேறினேன்.

மறுநாள் காரைப் பார்த்த இன்சூரன்ஸ் சர்வேயர், "தண்ணியில நின்ன வண்டிய மறுபடி ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போயிருந்தா, உங்க பாலிசியில கிளெய்ம் கிடைக்காதும்மா," என்றார். ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் எல்லாமே அடங்கும் என்று நம்பியிருந்தவள் நான். அன்று பயத்தில் சாவியைத் திருப்பாமல் விட்டதால்தான் கிளெய்ம் தப்பியது.

இப்போதெல்லாம் பாலிசியில் எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்பதைத்தான் முதலில் படிக்கிறேன். இன்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பும் சேர்த்துவிட்டேன். ஆனாலும் தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையைக் கண்டால் வண்டியைத் திருப்பிவிடுகிறேன். அன்று கதவு திறக்காமல் போயிருந்தால் செல்வி வீட்டாரிடம் என்ன சொல்லியிருப்பேன்?