முன்வரிசை மட்டும் உள்ள கார் பந்தயம்

வங்கியிலிருந்து போன் வந்தபோது தச்சநல்லூர் அலுவலகத்தில் டீசல் பில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கார் பந்தயத்துக்காக வெளிநாட்டுச் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய ஹோஸ்டிங் ஃபீயின் கடைசித் தவணைக்கு இருபத்தோரு நாள்தான் இருக்கிறது, கட்டாவிட்டால் உத்தரவாதம் கொடுத்த வங்கிதான் கட்ட வேண்டும், அப்புறம் ஜாமீன் சொத்தில் கைவைக்க வேண்டிவரும் என்றார் மேனேஜர். அந்த ஜாமீன் சொத்து, பாளையங்கோட்டையில் உள்ள என் வீடு.

கணக்கு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. கையெழுத்து

எங்கள் முதலாளி செல்லையா அண்ணாச்சிக்கு லாரி கம்பெனி. மலேசியாவில் ஒரு கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்தவர், உவரி போகிற வழியில் சும்மா கிடந்த தன் பொட்டலில் தார் போட ஆரம்பித்துவிட்டார். டிராக் முடிந்தபோது அவருடைய சொத்து முழுவதும் அடமானத்தில் இருந்தது. சர்வதேசப் பந்தயம் நடத்த அனுமதி வாங்கிய பிறகுதான் ஃபீ என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. ஜெயிக்கிறவனுக்குப் பரிசு கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தோம். அவர்கள் இங்கே வந்து ஓட்டுவதற்கே நாம் பணம் கட்ட வேண்டுமாம்.

"ஃபீக்குப் பேங்க்ல இன்னொரு ஜாமீன் கேக்கான் யம்மா. ஒரே மாசந்தான். டிக்கெட் வித்ததும் பத்திரம் ஒங்க கையில" என்றார் அண்ணாச்சி.

என் மகள் ஜெனியின் முதல் வருடக் காலேஜ் ஃபீஸ் அவர் கட்டியது. மறுக்க முடியாமல் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ஜெனி தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஏம்மா, யாரு ஜெயிச்சாலும் நமக்குக் கப்பு கெடையாது. காசு தேறலன்னா மட்டும் நம்ம வீடா?"

2. பாஸ்

வங்கி போன் வந்த அன்றே டிக்கெட் கவுன்ட்டரைத் திறந்தோம். ஒரு வாரத்தில் பதினொரு டிக்கெட் விற்றது. அதில் நான்கு நான் வாங்கியது. ஆனால் போன் ஓயவில்லை. எல்லோருக்கும் பாஸ் வேண்டும். நம் ஊரில் ஒருவன் டிக்கெட் எடுத்து உள்ளே போனால், அவனுக்கு உள்ளே யாரையும் தெரியாது என்று அர்த்தம்.

அரிசி மில் அண்ணாச்சி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"டிக்கெட்டா? எனக்கா? செல்லையா நடத்துத விசேஷத்துக்கு நான் டிக்கெட் எடுத்துப் போனேன்னா ஊர்ல என்ன பேசுவாவ?"

"பாஸ் தீந்துட்டு அண்ணாச்சி."

"அப்பம் நன்கொடைன்னு எழுதிக்கிடுங்க. டிக்கெட்டு வெலையில அஞ்சு மடங்கு தாரேன். ஆனா முன்வரிசை. எனக்கு முன்னால ஒரு தலை தெரியப்படாது."

அன்றே கவுன்ட்டரை மூடினேன். 'நன்கொடையாளர் பாஸ் – முன்வரிசை' என்று அச்சடித்தோம். பத்து நாளில் மூவாயிரம் பாஸ் போய்விட்டது. மூச்சு விட்ட பிறகுதான் கேலரி பிளானைப் பிரித்துப் பார்த்தேன். முன்வரிசையில் நூற்றிருபது நாற்காலிகள் இருந்தன.

3. வரிசை

"யம்மா, கொலை விழும்" என்றார் செல்லையா அண்ணாச்சி.

பாஸ் பணம் முழுவதையும் சேர்த்தாலும் ஃபீயும் கட்டி கேலரியும் போட முடியாது. இரும்பு கேலரிக்குக் கேட்டிருந்த தொகை அவ்வளவு. நல்லவேளையாக அட்வான்ஸ் கொடுக்கவில்லை. டிராக் ஒரு சுற்று மூன்று கிலோமீட்டர். பந்தல்காரர் சுடலையைக் கூப்பிட்டேன்.

"மூவாயிரம் நாற்காலிய ஒரே வரிசையாப் போட்டா எவ்வளவு தூரம் வரும்?"

"ரெண்டு கிலோமீட்டர் வரும்க்கா. எதுக்கு, ஊருக்கே ஒரே பந்தியா?"

கேலரியை ரத்து செய்தோம். வேலிக்கு வெளியே தள்ளியிருந்த மண்மேட்டின் மேல் ஒரே வரிசையாக நாற்காலிகளைப் போட்டோம். மிச்சமான பணத்தில், கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு தவணை கட்டினேன்.

சங்கத்திலிருந்து சோதனைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி, இரண்டாவது வரிசை எங்கே என்று கேட்டார். அதில் உட்கார எங்கள் ஊரில் ஆள் கிடையாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வேலியிலிருந்து தூரத்தை அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பந்தயத்தன்று மில் அண்ணாச்சிக்கு ஒரு வளைவில் இடம் கிடைத்திருந்தது. கார்கள் இரைந்துகொண்டு போய் மறைந்தன.

"இம்புட்டுத்தானா?"

"சுத்திட்டுத் திரும்ப வருவாங்க அண்ணாச்சி" என்றேன்.

"பைய வரட்டும். எனக்கு முன்னால ஒருத்தனும் இல்லல்லா, அது போதும்."

4. பத்திரம்

பத்திரம் கைக்கு வந்ததும் வங்கிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாக மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறை பார்க்கும்போது செல்லையா அண்ணாச்சியின் போன்.

"அடுத்த வருசப் பந்தயத்தையும் நமக்கே குடுத்துட்டான். ஃபீ கொஞ்சம் கூடுதல். அந்த ஜாமீன் மட்டும்…"

"ஒங்க மாப்பிள்ளையப் போடச் சொல்லுங்க அண்ணாச்சி. அவருக்கு ரெண்டு வீடு இருக்குல்லா."

"அவன் போன தடவையே மாட்டேன்னுட்டான். மச்சினனும் மாட்டேன்னுட்டான். அதுக்குப் பொறவுதான ஒங்ககிட்ட வந்தேன்" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது.

ஜாமீன் கேட்டு வருகிறவரிடம் எவ்வளவு தொகை, எத்தனை மாதம் என்று கேட்கத்தான் எனக்கு முப்பது வருடக் கணக்கு வேலை கற்றுக்கொடுத்தது. நீங்கள் அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: எனக்கு முன்னால் யாரிடம் கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள்?